சாயம் வெளுத்த வானம்

அந்த வீட்டுக்குள் காலடி வைத்ததும் ரேடியோவின் வாய் தானாக மூடிக்கொண்டது.

லேசில் நடக்கிற காரியம் இல்லை அது. நாற்பத்திரண்டு வயதில் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது தொடங்குகிற பேச்சு, ராத்திரி தலையணையில் தலை சாய்த்த பிறகும் இரண்டு நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும். அவனுடைய அண்ணனுக்கு அச்சகம். அண்ணி இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்தவர். எரிந்துபோன கடைகளையும் காணாமல்போன நகைகளையும் பார்த்துப் பார்த்து, யார் எந்த இடத்தில் பொய் சொல்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்கப் பழகியவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். ரேடியோ அவருக்கு உதவியாளன். சம்பளம் உண்டு, மரியாதை கிடையாது என்று அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வான்.

ஹாலில் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற லோஷன் வாடை அடித்தது. தரையில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. நாற்காலிகள் ஒரு விரல்கூட முன்னே பின்னே இல்லாமல் சுவரோரம் வரிசையாக நின்றன.

"அண்ணி, இந்த வீட்டுல மனுஷங்க குடியிருக்காங்களா, இல்ல நாற்காலிங்க மட்டும் குடியிருக்கா?" என்று காதோடு கேட்டான்.

"வாய மூடிக்கிட்டு கண்ணத் திற" என்றார் அண்ணி.

அவர்களை அழைத்து வந்தவர் ஒரு டீச்சர். ரயிலில் ஒரு ராத்திரி பயணம் போகிற தூரத்தில் உள்ள பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். முந்தின நாள் சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து, உட்காருவதற்கு முன்பே சொன்னார்.

"என் சித்தப்பாவோட படத்த மாத்திட்டாங்க மேடம்."

பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு விவரம் சொன்னார். சித்தப்பா நீர்ப்பாசன இலாகாவில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து பேச்சு குழறிவிட்டது. கூடவே கண்ணில் ஏதோ நரம்புக் கோளாறு. வெளிச்சம் பட்டால் பார்வையே போய்விடும் என்று மாடியறையில் திரை போட்டு, இருட்டில் படுத்தவர்தான். பார்த்துக்கொள்ள ஒரு கம்பவுண்டர் வீட்டோடு இருக்கிறார். டீச்சர் வருஷத்துக்கு மூன்று தடவை லீவு போட்டுக்கொண்டு வந்து பார்ப்பார். இருட்டில் ஒரு கட்டில், போர்வைக்குள் ஓர் உருவம், ஏதோ ஒரு முனகல். இரண்டு நிமிஷம் ஆனதும், "போதும் டீச்சர், ஐயா களைச்சுடுவார்" என்று கதவு மூடிவிடும்.

இப்போது சித்தப்பா வீட்டைக் கம்பவுண்டர் பெயருக்கு எழுதி வைக்கப் போகிறார். நடமாட முடியாதவர் என்பதால் பதிவாளரே மறுநாள் நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். கையெழுத்துப் போடவும் முடியாது, கட்டைவிரல் ரேகைதான். 'இவர்தான் அவர்' என்று அடையாளம் சொல்லிச் சாட்சிக் கையெழுத்துப் போட ரத்த சொந்தம் ஒருத்தர் வேண்டும். சொந்தம் என்று மிச்சம் இருப்பது டீச்சர் ஒருத்தர்தான்.

"வீடு யாருக்கு வேணும் மேடம்? மூணு வருஷமா பீ மூத்திரம் அள்ளினவர், அவருக்கே குடுக்கட்டும். எனக்கு அந்த ஆத்துப் படம் மட்டும் போதும்னேன். 'இன்னிக்கே எடுத்துக்குங்க'ன்னு கீழ எறக்கி வெச்சுட்டார். மூணு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் அத வெளிச்சத்துல பாத்தேன். அது வேற படம்."

அந்தப் படத்துக்காகத்தான் இப்போது மூன்று பேரும் இந்த ஹாலில் நிற்கிறார்கள். மணி இரண்டு.

கம்பவுண்டர் வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ரேடியோ திரும்பியபோது முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெறுங்கால், அறுபதை நெருங்குகிற வயசு. புண்ணில் பஞ்சை வைத்து ஒத்துகிற மாதிரி மெத்தென்ற குரல்.

"வாங்கம்மா. வாங்க சார். டீச்சர் சொன்னாங்க. சந்தேகம்னு ஒண்ணு வந்துட்டா தெளிவு பண்ணிக்கறதுதான் நல்லது. கழட்டிப் பாக்கணும்னாலும் பாருங்க."

சாப்பாட்டு மேஜை மேல் படம் கிடந்தது. இரண்டடி நீளம் இருக்கும். தடித்த பழங்காலக் காகிதத்தில் தண்ணீர் வண்ணம். மூலையில் ஓவியரின் கையெழுத்தும், ஆயிரத்து எண்ணூற்று அறுபத்துநாலு என்று வருஷமும் இருந்தன. அகலமான ஆறு, இரண்டு கரையிலும் மரங்கள், நடுவில் ஒரு படகு. வானம் வெளிறின ரோஜா நிறத்தில் தொடங்கி, கீழே இறங்க இறங்க மஞ்சளாகக் கரைந்து தண்ணீரிலும் விழுந்திருந்தது. சூரியன் இன்னும் வரவில்லை, இதோ வந்துவிடும் என்பது போல ஒரு விடியற்காலை. பார்த்தவுடன் யாருக்கும் மனசு லேசாக வேண்டிய படம். ரேடியோவுக்கு ஏனோ ஆகவில்லை.

"இதான் மேடம்" என்றார் டீச்சர். "சின்னப் பிள்ளையில இதப் பாத்தா எனக்கு பயம். வானம் பூரா கருநீல மேகமா இருக்கும். சித்தப்பா என்னத் தூக்கி வெச்சுக்கிட்டு, 'வெள்ளம் வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி'ன்னு சொல்வார். அவர் வாழ்க்கை பூரா வெள்ளத்த அளந்தவர். அதனாலதான் இத வாங்கினார். வெறும் விடியலுக்கு அவர் ஆசப்பட மாட்டார்."

"சின்ன வயசுல பாத்தது எல்லாமே பயமாத்தான் தெரியும் டீச்சர்" என்றார் கம்பவுண்டர். குரலில் கோபமே இல்லை. "நான் தினமும் பாக்கறேன். இது விடியல் படந்தான்."

அண்ணி கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தவர் நடு ஆற்றில் நின்றார்.

"ரேடியோ, இந்தப் படகுக்காரன் கையில என்ன?"

"குடை."

"விரிச்சிருக்கானா, மடக்கியிருக்கானா?"

"விரிச்சிருக்கான். காத்துல பின்பக்கமா மடங்கிப் போயிருக்கு."

"மரமெல்லாம்?"

"ஒரே பக்கமா சாயுது. ஓசியில சினிமா காட்டற இடத்துக்கு ஜனம் ஓடற மாதிரி."

"கரையில அந்த மாடு?"

"வாலத் தூக்கிக்கிட்டு கொட்டகைக்கு ஓடுது." ரேடியோ நிமிர்ந்தான். "அண்ணி! மேல பொழுது விடியுது, கீழ எல்லாரும் மழைக்கு ஒதுங்கறாங்க. போலிப் படம் வரைஞ்சவன் வானத்துக்கு மட்டும் கலர மாத்திட்டு, குடைய அழிக்க மறந்துட்டான். கேஸ் முடிஞ்சுது. வாங்க, வீட்டுக்குப் போய் காப்பி குடிக்கலாம்."

சொல்லிவிட்டுக் கம்பவுண்டரின் முகத்தைப் பார்த்தான். குட்டு உடைந்தவன் முகம் எப்படி மாறும் என்று அவனுக்கு ஓரளவு தெரியும். இந்த முகத்தில் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. நிஜமாகவே மடியில் கனமில்லாத ஆள் மாதிரி நின்றார்.

மாடியில் ஒரு சின்ன மணி ஒலித்தது. கிணிங், கிணிங் என்று இரண்டே தடவை.

"ஐயா கூப்பிடறார். ஒரு அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கம்பவுண்டர் படியேறினார். மரப்படி. அவர் காலடியில் ஒரு படிகூட முனகவில்லை.

அண்ணி சட்டென்று படத்தைக் கவிழ்த்தார். பின்பக்கம் பழுப்புக் காகிதம் ஒட்டி மூடியிருந்தது. எந்தக் காலத்திலோ இருந்த ஒரு கண்ணாடிக்கடையின் முத்திரை பாதி அழிந்து தெரிந்தது. ஆணிகள் துருப்பிடித்து மரத்தோடு மரமாகியிருந்தன.

"நாப்பது வருஷமா இத யாரும் திறக்கல" என்றார் அண்ணி.

டீச்சரின் முகம் சுண்டியது. "அப்ப எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"பிரிக்கட்டுமா? உங்க படம், நீங்கதான் சொல்லணும்."

டீச்சர் தலையசைத்தார். அண்ணி பிளேடால் காகிதத்தைக் கீறி, குறடால் ஆணிகளை நெம்பினார். "ரேடியோ, படிக்கட்டப் பாரு."

அவன் படிக்கட்டைப் பார்த்தான். பின்னால் கண்ணாடி நகரும் சத்தம், அட்டை உரசும் சத்தம், அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. கடைசியில் "ம்" என்றார். அந்த 'ம்' ரேடியோவுக்குத் தெரிந்த 'ம்'. கடை எரிந்த கேஸில் கடைக்காரனின் குழந்தைகள் புகைப்படம் மட்டும் முந்தின நாளே வீட்டுக்குப் போய்விட்டது என்று கண்டுபிடித்தபோது வந்த அதே 'ம்'.

கம்பவுண்டர் இறங்கி வந்தபோது படம் பழையபடி சட்டத்துக்குள் இருந்தது.

"மன்னிக்கணும்" என்றார் அண்ணி, கைகூப்பாத குறையாக. "படத்த மாத்தவே இல்ல. அதே படந்தான். உங்கள வீணா சந்தேகப்பட்டுட்டோம்."

"அதனால என்னம்மா."

"ரிப்போர்ட்டுக்கு மட்டும் ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. படம் எங்க இருந்துச்சு, எவ்வளவு நாளா இருந்துச்சுன்னு."

கம்பவுண்டர் சந்தோஷமாக உட்கார்ந்து எழுதினார். மருந்துச் சீட்டில் எழுதுகிற மாதிரி குட்டிக் குட்டியாக, அழகான எழுத்து. 'மூன்று வருடங்களாக இந்தப் படம் ஐயாவின் அறையில் கட்டிலுக்கு எதிர்ச் சுவரிலேயே இருந்தது. ஒருநாளும் அறையைவிட்டு வெளியே போகவில்லை.'

"அறை எப்பவும் இருட்டுங்கறதால படத்துக்கும் நல்லதுதானேம்மா?" என்றார் எழுதிக்கொண்டே.

"ரொம்ப நல்லது. அதையும் சேத்து எழுதிடுங்களேன்."

அதையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, மை காய ஊதியும் கொடுத்தார்.

படத்தைச் சுற்ற காரிலிருந்து துணி எடுத்து வருகிறோம் என்று மூன்று பேரும் வெளியே வந்தார்கள். காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் மறைவில் அண்ணி பேசினார்.

"படத்த மாத்தல. வானம் மாறியிருக்கு."

"புரியற மாதிரி சொல்லுங்க அண்ணி, எனக்கு பி.பி. இருக்கு."

"படத்தச் சுத்தி உள்ள ஒரு அட்டை வெச்சிருப்பாங்க. அதுக்கு அடியில மறைஞ்சிருந்த ஓரம், ஒரு விரற்கடை அகலத்துக்கு, இன்னும் கருநீலமாத்தான் இருக்கு. வாட்ச் கட்டின கையில வாட்ச கழட்டினா ஒரு பட்டை தெரியுமே, அது மாதிரி. அந்தக் காலத்து நீலம் அவுரிச் செடியிலேருந்து எடுத்தது. வெயில் பட்டா முதல்ல ஓடிப்போற கலர் அதுதான். அது போயிட்டா அடியில பூசின செவப்பும் மஞ்சளும் மட்டும் நிக்கும். மழை மேகம் போய் பொழுது விடிஞ்ச மாதிரி ஆயிடும். கொஞ்சங் கொஞ்சமா போறதால, தினம் பாக்கறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது."

ரேடியோவுக்குச் சிரிப்பு வந்தது. "ஓ! கிழக்கு வெளுக்கல, சாயம் வெளுத்திருக்கு."

"யாரோட சாயம்?" என்றார் அண்ணி.

அவன் வாயிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

"மூணு வருஷமா இருட்டறையில தொங்கின படம், ஒருநாளும் வெளிய போகாத படம், எப்படி தம்பி வெயில்ல வெளுக்கும்?"

அண்ணி 'தம்பி' என்று கூப்பிட்டால் விளையாட்டு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

டீச்சர்தான் பதில் சொன்னார். கரும்பலகையில் கணக்கைப் படிப்படியாகப் போடுகிறவர் மாதிரி, நிதானமாகச் சொன்னார். "அப்ப அந்த அறை இருட்டு இல்ல. தினமும் திரையத் திறந்து வெச்சிருக்காங்க. நான் வரும்போது மட்டும் மூடறாங்க. வெளிச்சம் சித்தப்பா கண்ணுக்கு ஆகாதுங்கறது பொய். நான் பாக்கக் கூடாதுன்னுதான்..." அதற்கு மேல் அடுத்த வரியை அவர் போடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் நிஜமான ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தோட்டம் சரிந்து நேராகத் தண்ணீரில் இறங்கியது. கண்ணுக்கு எட்டின தூரம் வேறு வீடு இல்லை. மாடியில் கிழக்குப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல். அதில் கறுப்புத் திரை.

அண்ணி இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். பழைய பழக்கம், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. மறுமுனையில் இருந்த குரல் ரேடியோவுக்கே கேட்டது.

"மேடம், ஒரு படம் வெளுத்துப்போச்சுன்னு நான் யாரப் பிடிச்சு உள்ள போடறது? முதல்ல கட்டில்ல இருக்கற ஆளப் பாருங்க. பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுங்க. பக்கத்துலதான் இருக்கேன், கிளம்பி நிக்கறேன்."

மணி இரண்டேமுக்கால்.

"நான் அவர பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போய் படத்துக்குப் பெட்டி தேடச் சொல்றேன்" என்றார் அண்ணி. "நீயும் டீச்சரும் மேல போங்க. திரையத் திற. பேசாத."

"நானா?"

"ஆமா, நீதான். பேசாத."

மாடி நடையில் மூன்று கதவுகள். மூன்றாவது கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. ரேடியோ அதை விரல் நுனியால் தள்ளினான். உள்ளே இருட்டு, மருந்து வாடை, யாரோ மூச்சு விடுகிற சத்தம். டீச்சரின் கை அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

தட்டுத்தடுமாறி ஜன்னலை அடைந்தான். மூன்று வருஷமாக மூடிக்கிடக்கிற திரை என்றால் வளையங்கள் கம்பியில் துருவேறிச் சிக்கவேண்டும். இரண்டு கையாலும் பிடித்து பலமாக இழுத்தான். திரை எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் ஓரத்துக்குப் போனது. இழுத்த வேகத்தில் அவன் சுவரில் மோதிக்கொண்டான்.

அறை முழுக்க வெளிச்சம். எதிர்ச் சுவரின் பச்சை வண்ணம் வெளுத்துக் கிடந்தது. நடுவில் மட்டும் படம் மாட்டியிருந்த இடம் நீள்சதுரமாக, அடர் பச்சையாக இருந்தது.

கட்டிலில் இருந்த கிழவர் கண்ணை மூடவில்லை. கூசிக்கொள்ளவும் இல்லை. வெளிச்சத்தைப் பார்த்துச் சுகமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"போயிட்டாங்களா அதுக்குள்ள?" என்றார்.

குழறல் இல்லாத, தெளிவான குரல். பேசின பிறகுதான் அவர்களைப் பார்த்தார். போர்வையை வாய்வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

டீச்சர் இரண்டடி முன்னால் போனார். குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். அழவில்லை, கத்தவில்லை.

"இது என் சித்தப்பா இல்ல" என்றார்.

ரேடியோ போனில் அண்ணிக்கு இரண்டே சொல் அனுப்பினான். 'வேற ஆள்.' வாழ்க்கையிலேயே அவன் அவ்வளவு சுருக்கமாக எதையும் சொன்னதில்லை.

"நீங்க சொந்தக்காரங்களா?" கிழவர் நடுங்கினார். "நான் பேசக் கூடாதே. பேசினா அவருக்குக் கோவம் வரும்."

"எங்ககிட்ட பேசலாம் ஐயா" என்று டீச்சர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நீங்க யாரு? எப்படி இங்க வந்தீங்க?"

"பஸ் நிலையத்துல படுத்துக் கெடந்தேம்மா. கால்ல புண்ணு. இவருதான் வந்து மருந்து போட்டார். 'வீட்டுக்கு வாங்க, சோறு போடறேன்'னு கூட்டிட்டு வந்தார். வீட்டுக்காரர் வெளிநாடு போயிருக்காராம். சொந்தக்காரங்க வந்தா வீட்டப் பிடுங்கிக்குவாங்களாம். அவங்க வர்ற அன்னிக்கு மட்டும் திரையப் போட்டுக்கிட்டு, போத்திப் படுத்து முனகினா போதும்னார். மத்த நாள்ல பொழுது விடிஞ்சதும் ஜன்னலத் திறந்து விட்டுடுவார். காத்தும் வெளிச்சமும் இல்லன்னா சீக்கு வரும்னு சொல்வார். நல்ல மனுஷன். சோறு போடறவர் பேச்சத் தட்ட முடியுமா?"

"இன்னிக்கு என்ன செய்யச் சொன்னார்?"

"ரேகை வெக்கச் சொன்னார். அதோட என் வேலை முடிஞ்சுதாம்." கிழவரின் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. "சாயங்காலம் ஒரு ஊசி போட்டு நல்லாத் தூங்க வெச்சு, காலையில மக வீட்டுக்கு அனுப்பிடறேன்னு சொன்னார்."

ரேடியோ கட்டிலருகே குனிந்தான். "உங்க மக வீடு எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியுமா ஐயா?"

கிழவர் யோசித்தார். "நான் சொல்லல. அவர் கேக்கவும் இல்லயே."

கதவருகில் கண்ணாடிக் குப்பி ஒன்று எதிலோ பட்டுக் கிண்ணென்றது.

பெட்டி தேடப் போன கம்பவுண்டர் அண்ணியின் கண்ணில் படாமல் மேலே வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் ஸ்டீல் தட்டு. அதில் பஞ்சு, ஒரு சின்ன மருந்துக் குப்பி, ஊசி. ஜன்னலைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கடைசியாகக் கிழவரைப் பார்த்தார். முகம் மாறவே இல்லை.

"ஐயாவுக்கு வெளிச்சம் ஆகாதே சார்" என்றார் அதே மெத்தென்ற குரலில். "மருந்து நேரம். கொஞ்சம் தள்ளிக்குங்க."

கிழவர் பழக்கதோஷத்தில் சட்டைக் கையை மடித்து, மெலிந்த கையை நீட்டினார்.

அந்த நீட்டிய கையைப் பார்த்த பிறகு ரேடியோவுக்குப் பயம் என்பதே மறந்துபோனது. கட்டிலுக்கும் தட்டுக்கும் நடுவில் போய் நின்றான். சொல்வதற்கு ஆயிரம் வார்த்தை தேடினான், ஒன்றுகூட அகப்படவில்லை. வெறுமனே நின்றான்.

"சார், இது உங்க வேலை இல்ல. தள்ளுங்க" என்று கம்பவுண்டர் ஓரடி எடுத்து வைத்தார். கட்டைவிரல் ஊசியின் மேல் இருந்தது.

"வெளிச்சம் ஆகாதவர் கண்ணக்கூட சிமிட்டலயே" என்று அவருக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் அந்தக் காகிதம். "இருட்டறைன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. படத்துல ஒருத்தனும் கை வெக்கல. அந்த தைரியத்துலதான கழட்டிப் பாக்கச் சொன்னீங்க? வெயில் கை வெச்சிருக்கு. தட்டக் கீழ வைங்க."

வாசலில் ஜீப் வந்து நின்றது. கதவுகள் படபடவென்று சாத்துகிற சத்தம் மாடிவரை கேட்டது.

கம்பவுண்டர் தட்டைக் கீழே வைத்தார். ஊசியை எடுத்துப் பஞ்சுக்கு நேராக, கோணாமல் வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மேலே வந்து தோளில் கை போட்டபோது, எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை.

கிழவருக்கு நடக்கத் தெம்பு இல்லை. ரேடியோ அவரைத் தோளில் சாய்த்து ஒவ்வொரு படியாக இறக்கினான். ஒரு மூட்டைத் துணி அளவுகூடக் கனம் இல்லை. டீச்சர் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குத் தானும் கூட வருவதாக அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சித்தப்பா எங்கே என்று கேட்கவும் அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைக் கேட்டார்.

"இந்த வீட்டுல எவ்வளவு நாளா இருக்கீங்க ஐயா?"

"மழைக்காலத்துல வந்தேன். எட்டு மாசம் இருக்கும்மா."

டீச்சர் படியில் நின்றுவிட்டார். கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது ரேடியோவுக்குத் தெரிந்தது. எளிய கணக்குத்தான், அவனாலேயே போட முடிந்தது. மூன்று வருஷம், வருஷத்துக்கு மூன்று தடவை.

"நான் மூணு வருஷமா வந்துட்டு இருக்கேனே மேடம்" என்றார், கீழே நின்ற அண்ணியைப் பார்த்து. "அப்ப இதுக்கு முன்னாடி இந்தக் கட்டில்ல நான் யாரப் பாத்தேன்?"

கீழே ஹாலில் கம்பவுண்டரை உட்கார வைத்திருந்தார்கள். பின்பக்கக் கதவு திறந்திருந்தது. அதன் வழியே சரிந்து இறங்குகிற தோட்டமும், அதற்கு அப்பால் ஆறும் தெரிந்தன. தண்ணீர் அசைவதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் கடப்பாரை தேடிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார்கள்.

அண்ணி நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"இன்ஜினியருக்கு அப்புறம், இந்தப் பெரியவருக்கு முன்னாடி, எத்தன பேர்?"

கம்பவுண்டரின் கண் ஆற்றின் மேல் இருந்தது. வாயைத் திறக்கமாட்டார் போலிருக்கிறது என்றுதான் ரேடியோ முதலில் நினைத்தான். இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், அதட்ட ஒரு கையை ஓங்கினார். அண்ணி அந்தக் கையைத் தடுத்தார்.

பிறகு ரேடியோவும் பார்த்தான். மடியில் கிடந்த வலது கையில், கட்டைவிரல் ஒவ்வொரு விரலின் கணுவாகத் தொட்டுக்கொண்டு மெல்ல நகர்ந்தது. ஒரு விரல் முடிந்தது, அடுத்த விரலுக்குத் தாவியது.

அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.